உடம்பெல்லாம் வலி: ஃபைப்ரோமயால்ஜியாவும் முதுகெலும்பைத் திருத்தும் கைகளும்

"எங்கேம்மா வலிக்குது?" என்று மருத்துவர் கேட்கிறார். "எங்கே வலிக்கலைன்னு கேளுங்க டாக்டர்" என்று பதில் வருகிறது. கழுத்து, தோள், இடுப்பு, தொடை, குதிகால் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும் வலி. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் அடித்துப் போட்டது போன்ற உடம்பு. அடுப்பில் பால் வைத்ததே மறந்துபோகிற மூளைக் களைப்பு. கையில் ஒரு கட்டு ரிப்போர்ட். ஈ.எஸ்.ஆர், சி.ஆர்.பி, தைராய்டு, ருமாட்டாய்டு ஃபேக்டர், எக்ஸ்ரே எல்லாம் நார்மல். வேறு எந்த நோயாளிக்கும் அது நல்ல செய்தி. இவளுக்கு மட்டும் அது தண்டனை. "உங்களுக்கு ஒண்ணுமில்லை" என்ற வாக்கியம் மருத்துவமனைப் படியிறங்கி வீட்டுக்குள் நுழையும்போது "சும்மா சொல்றா" என்று மாறிவிடுகிறது.

அப்புறம் கைப்பேசியில் ஒரு காணொளி வருகிறது. மேசையில் ஒருவர் படுத்திருக்கிறார். வெள்ளைச் சட்டைக்காரர் அவர் கழுத்தைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்புகிறார். படபடவென்று சத்தம். படுத்திருந்தவர் கண்ணில் நீர் வழிய, பல வருட வலி போய்விட்டது என்கிறார். இதைப் பார்த்து நம் ஊரில் ஒருத்தி அங்கே போக நினைத்தால் அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் போவதற்கு முன் அவளுக்குத் தெரிய வேண்டியவை இருக்கின்றன. அந்த வலி எங்கே உற்பத்தியாகிறது, அந்தக் கைகள் எதைத் திருத்துகின்றன, இரண்டும் ஒரே இடம்தானா?

நோயின் பெயரிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. 1904-இல் லண்டன் நரம்பியல் மருத்துவர் வில்லியம் கவர்ஸ், இடுப்பு வலி பற்றிய உரை ஒன்றில் 'ஃபைப்ரோசைட்டிஸ்' என்ற சொல்லை உருவாக்கினார். நார்த்திசுவில் அழற்சி என்று அதற்குப் பொருள். அதே ஆண்டு கிளாஸ்கோவின் ரால்ஃப் ஸ்டாக்மன், நோயாளிகளின் திசுவில் அழற்சியைக் கண்டதாக எழுதினார். பின்னால் வந்தவர்களின் நுண்ணோக்கியில் அந்த அழற்சி சிக்கவில்லை. இல்லாத அழற்சியின் பெயரை இந்த நோய் ஏறக்குறைய 70 ஆண்டுகள் சுமந்தது. தசையைத் தேடினார்கள், நாரைத் தேடினார்கள், ஒன்றும் கிடைக்காதபோது பழி நோயாளியின் மனத்தின்மேல் விழுந்தது.

திருப்பம் தூக்கத்தின் வழியாக வந்தது. 1975-இல் டொரான்டோவில் ஹார்வி மோல்டாஃப்ஸ்கியும் ஹியூ ஸ்மைத்தும் இந்த நோயாளிகளின் மூளை அலைகளை இரவு முழுக்கப் பதிவுசெய்தார்கள். ஆழ்ந்த உறக்கத்தின் நடுவே விழிப்புநிலை அலைகள் ஊடுருவிக் கிடந்தன. பிறகு, நோயே இல்லாதவர்களின் ஆழ்ந்த உறக்கத்தை மட்டும் ஒலியால் கலைத்துப் பார்த்தார்கள். சில இரவுகளில் அவர்களுக்கும் உடம்பு வலியும் தொட்டால் நோவும் தோன்றின. உறங்க விட்டதும் மறைந்தன. 'வலியால் தூக்கமில்லை' என்று மட்டும் நினைத்திருந்தவர்களுக்கு, தூக்கமின்மையாலும் வலி வரும் என்று அந்தச் சோதனை காட்டியது. அடுத்த ஆண்டே அமெரிக்க மருத்துவர் கேலர் ஹென்ச் 'ஃபைப்ரோமயால்ஜியா' என்ற பெயரை முன்வைத்தார். அழற்சியைக் குறிக்கும் ஈறு உதிர்ந்து, வலியைக் குறிக்கும் ஈறு சேர்ந்தது. 1981-இல் இலினாயில் முகமது யூனுஸ், நோயுள்ளவர்களையும் இல்லாதவர்களையும் முறையாக ஒப்பிட்டு அறிகுறிகளைப் பட்டியலிட்டார்.

1990-இல் அமெரிக்க ருமாட்டாலஜி கல்லூரி வகுத்த அளவுகோல்தான் இன்னும் பல மருத்துவர்களின் நினைவில் நிற்கிறது. உடலில் 18 புள்ளிகள். ஒவ்வொன்றையும் நான்கு கிலோ அழுத்தத்தில் அமுக்க வேண்டும். 11 இடங்களில் வலித்து, மூன்று மாதமாகப் பரவலான வலியும் இருந்தால் இந்த நோய். நடைமுறையில் இது தடுமாறியது. கட்டைவிரலால் நான்கு கிலோ என்று எல்லோருக்கும் சரியாக அமுக்க வராது. களைப்பும் மறதியும் கணக்கிலேயே வரவில்லை. 10 புள்ளியில் மட்டும் வலித்தவளுக்கு என்ன சொல்வது? 2010-இல் புள்ளிகளைக் கைவிட்டுக் கேள்விகளுக்கு வந்தார்கள். 2016-இல் அதைத் திருத்தினார்கள். வலிக்கும் இடங்கள் 19-இல் எத்தனை, களைப்பு எவ்வளவு, எழும்போது புத்துணர்ச்சி உண்டா, நினைவும் கவனமும் எப்படி, தலைவலியும் அடிவயிற்று வலியும் மனச்சோர்வும் உண்டா? இவற்றுக்கு மதிப்பெண். கூட்டினால் அதிகபட்சம் 31.

இனி நோயின் உள்ளே போகலாம். கட்டுரையின் கனம் இங்கேதான் இருக்கிறது. 2002-இல் ரிச்சர்ட் கிரேஸ்லி, டேனியல் கிளாவ் குழுவினர் 16 நோயாளிகளையும் நலமான 16 பேரையும் மூளையின் இயக்கம் காட்டும் எம்.ஆர்.ஐ கருவிக்குள் படுக்க வைத்துக் கட்டைவிரல் நகத்தை அமுக்கினார்கள். மற்றவர்களுக்கு லேசாகத் தெரிந்த அதே அழுத்தம் நோயாளிகளுக்குக் கடும் வலியாக இருந்தது. அதற்கு ஏற்ப அவர்கள் மூளையில் வலியைக் கையாளும் பகுதிகளும் கூடுதலாக இயங்கின. நலமானவர்களின் மூளை அந்த அளவு இயங்க ஏறத்தாழ இரட்டிப்பு அழுத்தம் தேவைப்பட்டது. "சும்மா சொல்றா" என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியாது. 1994-இல் டெக்சஸில் ஜான் ரசல் குழு, இந்த நோயாளிகளின் தண்டுவட நீரில் வலிச் செய்தியைச் சுமக்கும் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற பொருள் மும்மடங்கு இருப்பதைக் காட்டியிருந்தது. மூளையிலிருந்து தண்டுவடம் வழியாகக் கீழிறங்கி வலியைத் தணிக்கும் பாதை ஒன்று எல்லோருக்கும் உண்டு. இவர்களிடம் அது மந்தமாக வேலை செய்கிறது.

வாசலில் ஒரு காவல் நாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திருடனைக் கண்டு குரைக்க வேண்டியது. ஏதோ ஒரு கெட்ட காலத்துக்குப் பிறகு அது முருங்கை இலை உதிர்ந்தாலும் குரைக்கிறது. குரைப்பு பொய்யல்ல, வீட்டில் யாராலும் தூங்க முடியவில்லை. ஆனால் கதவையும் பூட்டையும் எத்தனை முறை பழுது பார்த்தாலும் குரைப்பு நிற்காது, ஏனென்றால் பழுது பூட்டில் இல்லை. 2017-இல் வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் இப்படிப்பட்ட வலிக்குத் தனிப் பெயரே கொடுத்தது: நோசிபிளாஸ்டிக் வலி. காயத்தால் வரும் வலி, நரம்பு சிதைந்து வரும் வலி ஆகிய இரண்டுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக, வலியை உணரும் அமைப்பே மாறிப்போனதால் வரும் வலி.

இத்தோடு எல்லாம் தெளிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2013-இல் பாஸ்டனிலும் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கிலும் தனித்தனியாக நடந்த ஆய்வுகள், நோயாளிகளில் கணிசமானோரின் தோலில் நுண்ணிய நரம்பிழைகள் குறைந்திருப்பதைக் கண்டன. 2021-இல் ஆண்ட்ரியாஸ் கோபெல் முதலான பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், நோயாளிகளின் இரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதங்களை எலிகளுக்குச் செலுத்தினார்கள். எலிகளுக்கும் அழுத்தமும் குளிரும் தாங்காமல் போயின. ஆகவே 'எல்லாம் மூளையில்' என்று முடித்துவிடுவது அவசரம். ஒரே பெயருக்குள் இரண்டு மூன்று நோய்கள் ஒளிந்திருக்கவும் கூடும்.

நம் பக்கத்தில் இன்னொரு கவனம் தேவை. உடம்பெல்லாம் வலி என்றால் உடனே ஃபைப்ரோமயால்ஜியா என்று எழுதிவிடக் கூடாது. வெயில் கொளுத்தும் ஊரிலும் வைட்டமின் டி குறைந்து எலும்பு மென்மையாகி வலிப்பது சாதாரணம். தைராய்டு குறைவும், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைகளும் தசை வலியைத் தரும். 2006-இல் தமிழகத்தை வாட்டிய சிக்குன்குனியாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களை நாம் மறந்திருக்க முடியாது. முடக்குவாதம், லூபஸ் உள்ளவர்களுக்கு அவற்றோடு கூடவே ஃபைப்ரோமயால்ஜியாவும் வருவதுண்டு. இவற்றை விலக்க அந்த ரிப்போர்ட் கட்டு வேண்டும். ஆனால் விலக்கிய பிறகு 'ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்பாமல் பெயரைச் சொல்ல வேண்டும்.

இப்போது அந்தக் கைகளின் கதை. அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் டேவன்போர்ட் என்ற ஊர். அங்கே டேனியல் டேவிட் பால்மர் என்பவர் காந்த சிகிச்சை செய்துவந்தார். 1895 செப்டம்பர் 18 அன்று, அதே கட்டடத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்துவந்த ஹார்வி லில்லார்டு என்பவரின் முதுகில் பிதுங்கியிருந்த முள்ளெலும்பு ஒன்றை அமுக்கித் தள்ளியதாகவும், பல ஆண்டுச் செவிட்டுத்தன்மை நீங்கியதாகவும் பால்மர் சொன்னார். காது கேட்கும் நரம்பு மண்டை ஓட்டுக்குள்ளேயே காதிலிருந்து மூளைக்குப் போகிறது. முதுகெலும்பு வழியே அது இறங்குவதே இல்லை. ஆனாலும் அந்த ஒரு சம்பவத்தின் மேல் ஒரு மருத்துவமுறை எழுந்தது. முள்ளெலும்பு இம்மியளவு விலகி நரம்பை நெருக்குவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம், விலகலைத் திருத்தினால் உடலின் உள்ளார்ந்த அறிவு தானே குணப்படுத்தும் என்பது கோட்பாடு. கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் செயலைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்து 'கைரோபிராக்டிக்' ஆனது.

உரிமமில்லாமல் மருத்துவம் செய்ததற்காக 1906-இல் பால்மர் சிறைக்குப் போனார். 1913-இல் கான்சஸ் மாநிலம் தொழிலை அங்கீகரிக்கும் சட்டம் இயற்றியது. கடைசி மாநிலமான லூசியானா 1974-இல் இயற்றியது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963-இல் போலி மருத்துவத்துக்கு எதிரான குழு அமைத்து இத்தொழிலை ஒழிக்கப் பார்த்தது. செஸ்டர் வில்க் முதலான கைரோபிராக்டர்கள் 1976-இல் வழக்குத் தொடுத்தார்கள். 1987-இல் நீதிபதி சூசன் கெட்சென்டானர் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். அது வணிகப் போட்டியைத் தடுத்ததற்கான தீர்ப்பு. சிகிச்சை பலிக்கிறது என்று எந்த நீதிமன்றமும் சான்று கொடுக்கவில்லை.

தொழிலுக்குள்ளேயே பிளவு உண்டு. பால்மரின் கோட்பாட்டை வேதமாகப் பிடித்திருப்பவர்கள் ஒரு பக்கம், மூட்டின் அசைவையும் உடற்பயிற்சியையும் பேசுகிறவர்கள் மறுபக்கம். பிரிட்டனில் இத்தொழிலை முறைப்படுத்தும் பொதுக் கைரோபிராக்டிக் மன்றமே 2010-இல், முள்ளெலும்பு விலகல் என்பது வரலாற்றுக் கருத்து, அது நோய்க்குக் காரணம் என்று சொல்ல ஆய்வுச் சான்று இல்லை என்று அறிவித்துவிட்டது. நம் காணொளிகளில் மட்டும் அந்த விலகல் இன்னும் சௌக்கியமாக வாழ்கிறது.

அந்தச் சத்தத்தையும் பார்த்துவிடலாம். காணொளியின் உயிரே அதுதான். விரலில் நெட்டி முறிக்கும்போது வருவதும் அதுவே. 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கிரெக் காவ்சக் குழு, விரல் மூட்டை எம்.ஆர்.ஐ கருவிக்குள் இழுத்துப் பார்த்தது. மூட்டுப் பரப்புகள் சட்டென்று பிரியும்போது மூட்டு நீரில் வாயுக் குழி ஒன்று உருவாகிறது, அந்த நொடியில் சொடக்குக் கேட்கிறது. எலும்பு எதுவும் 'இடத்தில் உட்காரவில்லை'.

இதனால் சிகிச்சையால் பலனே கிடையாது என்றாகாது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஓரளவு பலன் உண்டு. 2019-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் சிட்னி ரூபின்ஸ்டீன் குழு 47 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. முதுகெலும்பைக் கையால் அசைக்கும் சிகிச்சை, பரிந்துரைக்கப்படும் மற்றச் சிகிச்சைகளுக்கு ஏறத்தாழ இணையாக நின்றது. 2017-இல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரியும் இடுப்பு வலிக்கான வழிகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. ஒரே இடத்தில் நிற்கும் வலிக்கு ஒத்துவருவது உடம்பெங்கும் உலவும் வலிக்கும் ஒத்துவருமா என்பதுதான் நம் கேள்வி.

ஃபைப்ரோமயால்ஜியாவில் இதைச் சோதித்த ஆய்வுகளை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். 1997-இல் கனடாவில் 21 பேரிடம் நான்கு வார முன்னோட்டம். 2000-இல் 15 பெண்களுக்கு 30 முறை சிகிச்சை. அதில் பலருக்கு நன்மை தெரிந்தது, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆட்கள் சிகிச்சைக்கு வருகிறார்கள், அங்கிருந்து எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் இறங்கும். ஒப்பீடு இல்லாத ஆய்வால் இந்த இயல்பான இறக்கத்தையும் சிகிச்சையின் பலனையும் பிரித்துச் சொல்ல முடியாது. 2009-இல் இரண்டு தொகுப்பாய்வுகள் வந்தன. எட்சார்ட் எர்ன்ஸ்ட் பலனுக்குச் சான்றில்லை என்றார். அவர் மாற்று மருத்துவத்தின் கடுமையான விமர்சகர், அதனால் அவரைத் தள்ளிவைப்போர் உண்டு. ஆனால் கைரோபிராக்டர்களே ஈடுபட்டு, அவர்கள் துறை இதழிலேயே வெளியிட்ட மைக்கேல் ஷ்னைடர் குழுவின் தொகுப்பு என்ன சொன்னது? மூச்சு வாங்க வைக்கும் உடற்பயிற்சிக்கும் சிந்தனைப் பழக்கத்தை மாற்றும் உளவியல் சிகிச்சைக்கும் வலுவான சான்று, முதுகெலும்பை அசைப்பதற்குக் குறைந்த சான்று. எதிரெதிர் முகாம்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்பது அரிது.

2015-இல் எகிப்தின் இப்ராகிம் முஸ்தஃபாவும் அலியா தியாபும் 120 பேரிடம் செய்த சோதனையைக் கைரோபிராக்டிக் ஆதரவாளர்கள் எடுத்துக்காட்டுவார்கள். இரு குழுவுக்கும் உடற்பயிற்சியும் உளவியல் பயிற்சியும் 12 வாரம் தரப்பட்டன. ஒரு குழுவுக்கு மேற்கழுத்துச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. ஓராண்டு கழித்து அந்தக் குழு மேலான நிலையில் இருந்தது. நல்ல முடிவு, மறுக்கவில்லை. ஆனால் ஒரே குழு செய்த ஒரு சோதனையை வைத்துக் கழுத்தைக் கொடுத்துவிட முடியாது.

கழுத்து என்று சொல்லிக் காரணத்தோடுதான் நிறுத்துகிறேன். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் முதுகெலும்புத் தமனி, கழுத்து முள்ளெலும்புகளின் துளைகள் வழியே ஏறுகிறது. சட்டென்ற திருப்பில் அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. 2008-இல் ஒன்டாரியோவில் 818 பக்கவாத நோயாளிகளை ஆராய்ந்த டேவிட் காசிடி குழு வேறொரு கோணத்தைக் காட்டியது. கைரோபிராக்டரிடம் போனவர்களிடம் மட்டுமல்ல, குடும்ப மருத்துவரைப் பார்த்தவர்களிடமும் பக்கவாதத்தோடு அதே தொடர்பு தெரிந்தது. ஏற்கெனவே தமனி கிழிந்து கழுத்து வலியோடு வந்தவர்களாக இருக்கலாம் என்றார்கள். வாதம் ஓயவில்லை. ஆபத்து அரிதுதான். ஆனால் பலன் உறுதியாகாத சிகிச்சைக்கு அரிதான பக்கவாதம்கூட அதிக விலை. ருமாட்டாலஜி சங்கங்களின் ஐரோப்பியக் கூட்டமைப்பு வெளியிட்ட பரிந்துரையில், பாதுகாப்புக் காரணத்தைச் சொல்லியே கைரோபிராக்டிக்குக்கு எதிராக வலுவான தீர்ப்பு எழுதப்பட்டது. முடக்குவாதத்தால் மேற்கழுத்து மூட்டு தளர்ந்தவர்களுக்கும் எலும்பு தேய்ந்தவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூடும். இந்தியாவில் இத்தொழிலுக்கென்று சட்டப்படியான பதிவு மன்றம் கிடையாது. அமெரிக்காவில் பல வருடம் படித்து உரிமத் தேர்வு எழுதியவர் மாட்டும் அதே பலகையை இங்கே சில வாரப் பயிற்சியோடும் மாட்டலாம்.

அப்படியானால் அந்த மேசையில் அழுதவர்கள் நடித்தார்களா? இல்லை. ஒருவர் அரைமணி நேரம் நம் வலியைக் கேட்கிறார். எங்கே என்று தொட்டுப் பார்க்கிறார். 'உனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லாமல் 'இங்கேதான்' என்று விரல் வைக்கிறார். அவர் காட்டும் இடம் தவறாக இருக்கலாம், ஆனால் நம்பியிருக்கிறார். வருடக்கணக்கில் யாரும் நம்பாத உடம்புக்கு அது பெரிய ஆறுதல். வலியை உணரும் அமைப்பே பதறிக் கிடக்கும் நோயில் ஆறுதல் என்பது வெறும் உபசாரமும் அல்ல. 2009-இல் ஃபுளோரிடாவில் லின் பான்டன் குழு 16 வாரம் பெண்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தது. சிலருக்குக் கைரோபிராக்டிக்கும் சேர்த்தது. வலிமை இரு பக்கமும் கூடியது. சேர்த்துப் பெற்றவர்கள் பயிற்சியைப் பாதியில் விடாமல் அதிகம் தொடர்ந்தார்கள். எனக்கு இந்தச் சின்ன ஆய்வுதான் மிகவும் பிடித்தது. ஒரு கை கூட இருந்தால் கஷ்டமான வேலையைத் தொடர முடிகிறது என்பதை அது காட்டுகிறது. அந்தக் கை கழுத்தை முறிக்க வேண்டியதில்லை.

அந்தக் கஷ்டமான வேலை உடற்பயிற்சி. அதே ஐரோப்பியப் பரிந்துரையில் 'வலுவாக ஆதரிக்கிறோம்' என்ற தீர்ப்புப் பெற்றது அது ஒன்றுதான். மாத்திரைகளில் அமெரிக்க அரசு முதலில் அனுமதித்தவை பிரீகாபாலின் 2007-இல், டுலாக்செடின் 2008-இல், மில்னாசிப்ரான் 2009-இல். பழைய அமிட்ரிப்டிலினை இரவில் சிறு அளவில் கொடுப்பதும் உண்டு. ஒரு பகுதியினருக்கே இவை நன்கு பலன் தரும். தெரு முனையில் போட்டுக்கொள்ளும் 'வலி ஊசி' இந்த நோய்க்குப் பயன்படாது, சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கேடு செய்யும். அழற்சியே இல்லாத இடத்தில் அழற்சியைத் தணிக்கும் மருந்து என்ன செய்யும்?

பாஸ்டனில் சென்சென் வாங் குழு தாய்ச்சி என்னும் மெதுவான சீன அசைவுப் பயிற்சியை 2010-இல் 66 பேரிடமும் பிறகு 226 பேரிடமும் சோதித்தது. முதல் சோதனையில் நல்ல முன்னேற்றம். இரண்டாவதில், வழக்கமான உடற்பயிற்சிக்கு அது குறைந்ததல்ல என்று தெரிந்தது. இங்கே தாய்ச்சி வகுப்புக்கு எங்கே போவது என்ற கவலை வேண்டாம். மொட்டை மாடியில் ஐந்து நிமிட நடையில் தொடங்கி, வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டினால் போதும். முதல் சில வாரங்களில் வலி கூடும், அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டாம் நாளே நிறுத்திவிடுவார்கள். உடம்பு கொஞ்சம் லேசாக இருக்கும் நாளில் வீட்டையெல்லாம் கழுவிவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துக் கிடப்பதுதான் இந்த நோயாளிகள் மாட்டிக்கொள்ளும் சுழல். நல்ல நாளிலும் அதே அளவு, கெட்ட நாளிலும் முடிந்தால் பாதி அளவு.

"நான்தான் நாள் முழுக்க வேலை செய்யறேனே, அது உடற்பயிற்சி இல்லையா?" என்று பெண்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. குனிந்து பெருக்குவதும் தண்ணீர்க் குடம் தூக்குவதும் உடம்பைத் தேய்க்கும். நேரமும் அளவும் அவள் கையில் இல்லாத உழைப்பு அது, சீராகக் கூட்டவும் குறைக்கவும் முடியாது. ஆகவே "தினமும் நடங்க" என்று சீட்டில் எழுதும் மருத்துவர், கூட வந்திருக்கும் கணவரையோ மகனையோ பார்த்து, அந்த நேரத்துக்கு அடுப்பை யார் பார்ப்பார்கள் என்று கேட்க வேண்டும். தூக்கத்துக்கும் இதே பேச்சுதான். கடைசியாகப் படுத்து முதலில் எழுகிறவளிடம் ஆழ்ந்த உறக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் மோல்டாஃப்ஸ்கியின் சோதனையை வீட்டார் ஒருமுறை கேட்க வேண்டும்.

2016-இன் அந்தக் கேள்வித்தாள் ஒரே பக்கம். ரிப்போர்ட் கட்டைப் புரட்டிப் பார்த்த பிறகு, "எல்லாம் நார்மல்" என்று மூடிவைக்காமல், அந்தப் பக்கத்தைத் தமிழில் எடுத்து அவள் முன் வைத்து, தாடை, தோள், மேற்கை, இடுப்பு என்று 19 இடங்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறிக்கலாம். ஐந்து நிமிடம் ஆகும்.